பாபடாகிஸின் தங்கத்தைப் பறித்தது ஒரு கொக்கியா?

கேள்வி இது: "2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஆடையின் கொக்கி கழன்றதால்தானே பிரெஞ்சு ஐஸ் டான்ஸ் வீராங்கனை கேப்ரியெல்லா பாபடாகிஸ் தங்கத்தை இழந்தார்? அந்தச் சம்பவத்தைத் தவிர அவரைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. உண்மையிலேயே அவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா?"

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கியோம் சிசெரோனுடன் ஜோடி சேர்ந்து ஐந்து முறை உலக சாம்பியன், ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன், ஒரு ஒலிம்பிக் வெள்ளி, ஒரு ஒலிம்பிக் தங்கம். ஐஸ் டான்ஸில் இவர்களைவிட அதிக உலகப் பட்டம் வென்ற ஜோடி, சோவியத் காலத்து பஹோமோவா–கோர்ஷ்கோவ் மட்டும்தான், அவர்களுக்கு ஆறு. இப்படிப்பட்டவரின் பெயரைத் தேடினால் அந்த ஆடைதான் முன்னால் வந்து நிற்கிறது என்பது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும் விஷயம்.

முதல் பாதி அவ்வளவு எளிதல்ல. கொக்கி கழன்றது உண்மை. தங்கம் வெறும் 0.79 புள்ளியில் தவறியதும் உண்மை. ஒன்றையும் மற்றொன்றையும் முடிச்சுப் போடும்போதுதான் கணக்கு இடிக்கிறது. அதைக் காட்டுவதற்கு முன், இந்த ஆட்டம் எப்படி மதிப்பிடப்படுகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜோடியாக ஆடும் பிரிவுகள் இரண்டு. ஒன்றில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவார், காற்றில் வீசுவார், இருவரும் பல சுற்றுத் தாவல்கள் தாவுவார்கள். மற்றது ஐஸ் டான்ஸ். இதில் வீசுதல் கிடையாது, பெரிய தாவல்கள் கிடையாது, தூக்குவதற்கும் உயரக் கட்டுப்பாடு உண்டு. எல்லாம் காலில்தான். ஸ்கேட்டின் பிளேடுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் இரு பக்கமும் இரண்டு விளிம்புகள். நல்ல ஆட்டக்காரர் ஒரு சமயத்தில் ஒரு விளிம்பில் மட்டுமே சாய்ந்து ஓடுவார். அப்போது பனியில் ஒற்றைக் கோடு வளைந்து விழும். தட்டையாக ஓடினால் இரட்டைக் கோடு. தொலைக்காட்சியில் நமக்கு எல்லாரும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போவதாகத் தெரியும். நடுவர் மேசையில் இருப்பவர்கள் இந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். இருவரும் அருகருகே ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே நகரும் ட்விஸில் என்ற அசைவில் இது இன்னும் கறாராகத் தெரியும். ஒருவர் கால்வாசிச் சுற்று பிந்தினால்கூட வெறும் கண்ணுக்கே பிடிபட்டுவிடும்.

போட்டி இரண்டு நாள். முதல் நாள் குறும் நடனம். 2018க்குப் பிறகு இதன் பெயர் ரிதம் டான்ஸ். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தாளத்தை சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் விதிக்கும். பாபடாகிஸ் காலத்தில் பெரும்பாலும் அதனுடன் பேட்டர்ன் என்று ஒன்றும் உண்டு. எந்த அடி, எந்த விளிம்பு, தளத்தின் எந்த இடத்தில் என்று முன்கூட்டியே வரையறுத்த பகுதி அது. எல்லா ஜோடிகளும் அதையே ஆட வேண்டும் என்பதால் ஒப்பிடுவது சுலபம், ஒளிவதற்கு இடமில்லை. இரண்டாம் நாள் சுதந்திர நடனம். இசையும் கருவும் ஜோடியின் விருப்பம்.

பாபடாகிஸின் வாழ்க்கையை இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே நடந்த இழுபறியாகவே நான் பார்க்கிறேன். இரண்டாம் நாள் அவருக்குப் பிறந்த வீடு. முதல் நாளை அவர் உழைத்துத்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

1995 மே 10 அன்று பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள கிளெர்மோன்-ஃபெரானில் பிறந்தார். தந்தை கிரேக்க வம்சாவளி, தாய் பிரெஞ்சுக்காரர். தாய் அதே ஊரில் ஸ்கேட்டிங் பயிற்சியாளர். சிறுமியையும் சிசெரோனையும் பத்து வயதை ஒட்டி ஜோடி சேர்த்துவிட்டவரும் அவர்தான். பிறகு இருவரும் லியோனுக்குப் போனார்கள். பிரெஞ்சு ஐஸ் டான்ஸுக்கு லியோன் என்பது ஒரு பரம்பரை. 2002 ஒலிம்பிக் தங்கம் வென்ற அனிசினா–பெஸராவும், 2008 உலக சாம்பியன்களான டெலோபெல்–ஷோன்ஃபெல்டரும் முரியெல் பூஷே-ஸசூயியிடம் அங்கேதான் வளர்ந்தார்கள். அந்தக் கூடத்தில் இவர்களைக் கவனித்துக்கொண்டவர் ரொமேன் ஹகெனவர்.

2013இல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி. நம்பிக்கைக்குரிய பிள்ளைகள், அவ்வளவுதான். அடுத்த பருவம் பெரியவர்கள் பிரிவில் நுழைந்ததும் ஐரோப்பியப் போட்டியில் 15ஆம் இடம், உலகப் போட்டியில் 13ஆம் இடம். சோச்சி ஒலிம்பிக்குக்கான பிரெஞ்சு அணியில் இவர்கள் பெயரே இல்லை. 2014 கோடையில் ஹகெனவர் கனடாவின் மான்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்து, மரி-ஃபிரான்ஸ் டுப்ரேய், பாட்ரிஸ் லோசோன் தம்பதியுடன் சேர்ந்து பயிற்சி தரத் தொடங்கினார். பாபடாகிஸும் சிசெரோனும் அவர் பின்னாலேயே போனார்கள்.

அடுத்த எட்டு மாதத்தில் நடந்ததை இந்த விளையாட்டு அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை. ஐஸ் டான்ஸில் ஜோடிகள் வரிசையில் நின்று காத்திருந்து, மேலே இருப்பவர்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் ஒவ்வொரு படியாக ஏறுவது வழக்கம். இவர்கள் மோசார்ட்டின் 23ஆம் பியானோ கான்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஐரோப்பிய சாம்பியன் ஆனார்கள். பிறகு 2015 மார்ச், ஷாங்காய், உலகப் போட்டி. முதல் நாள் முடிவில் நான்காம் இடம். முன்னிலையில் இருந்த அமெரிக்காவின் சாக்–பேட்ஸைவிட இரண்டரைப் புள்ளி பின்னால். மறுநாள் 112.34 எடுத்து மொத்தம் 184.28உடன் தங்கம். ஓராண்டில் 13லிருந்து 1. அவருக்கு 19 வயது, சிசெரோனுக்கு 20.

அந்த ஆட்டத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். மற்ற ஜோடிகள் வேகத்தைக் காட்டுவதற்காகக் காலால் பனியைத் தள்ளுவது தெரியும். இவர்கள் தள்ளுவதே தெரியாது. முழங்கால் மடங்கி எழும், அதற்குள் பத்து மீட்டர் போயிருப்பார்கள். இருவருக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் உடல் ஒரே சமயத்தில் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். சிசெரோனின் கோடுகள் அழகானவை என்று எல்லாரும் புகழ்வார்கள். அது சரிதான். ஆனால் கனத்தை மாற்றி மாற்றி அந்த இசைக்கு உயிர் கொடுத்தவர் பாபடாகிஸ் என்பது என் கட்சி.

அதே ஆண்டு கோடையின் இறுதியில் பயிற்சியில் விழுந்து தலையில் அடிபட்டார். மூளை அதிர்ச்சி. இலையுதிர்காலப் போட்டிகள் முழுவதும் போயின. டிசம்பரில் பிரெஞ்சு தேசியப் போட்டியில்தான் திரும்பி வந்தார். அடுத்த மார்ச்சில் பாஸ்டனில் மறுபடி உலகத் தங்கம், சுதந்திர நடனத்தில் 118.17 என்ற உலக சாதனையோடு.

இந்த இடத்தில்தான் டெஸ்ஸா வர்ட்யூவும் ஸ்காட் மொயரும் கதைக்குள் வருகிறார்கள். 2010இல் ஒலிம்பிக் தங்கம், 2014இல் வெள்ளி வென்றுவிட்டு ஒதுங்கியிருந்த கனடா ஜோடி, 2016இல் திரும்பி வந்தது. திரும்பியது எங்கே தெரியுமா? மான்ட்ரியலில் அதே கூடத்துக்கு, அதே பயிற்சியாளர்களிடம். உலகின் முதல் இரண்டு ஜோடிகள் தினமும் ஒரே பனித்தளத்தில் எதிரும் புதிருமாகப் பயிற்சி எடுத்தார்கள். வேறு விளையாட்டில் இதை நினைத்துப் பார்ப்பதுகூடக் கடினம்.

2017 உலகப் போட்டி, ஹெல்சிங்கி. அந்தப் பருவத்துக்கு விதிக்கப்பட்டது ப்ளூஸ். பேட்டர்னின் பெயர் மிட்நைட் ப்ளூஸ். வர்ட்யூ–மொயர் 82.43. பாபடாகிஸ்–சிசெரோன் 76.89. ஐந்தரைப் புள்ளி வித்தியாசம் என்றால் இந்த ஆட்டத்தில் அது ஒரு கடல். மறுநாள் பிரெஞ்சு ஜோடி 119.15 எடுத்து புதிய உலக சாதனை படைத்தது. கனடியர்களைவிட அன்று சுமார் மூன்று புள்ளி கூடுதல். அப்படியும் மொத்தத்தில் 196.04க்கு 198.62 என்று தோற்றார்கள். "இவர்களுக்கு மெதுவான, உருகும் நடனம் மட்டும்தான் வரும், தாளம் சூடு பிடித்தால் வராது" என்ற முணுமுணுப்பு அப்போது வெளிப்படையாகவே கேட்டது. முழுக்க அநியாயமான பேச்சு என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த பருவத்துக்கு விதிக்கப்பட்டதோ லத்தீன் தாளம். ரும்பா பேட்டர்ன். பலவீனத்தைத் தேடிப் பிடித்து விதித்ததுபோல் இருந்தது. அவர்கள் எட் ஷீரனின் பாடல்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வழக்கமான சாம்பா, சல்சா பகட்டைத் தவிர்த்து, தங்கள் வழுக்கலை அந்தத் தாளத்துக்குள் நுழைக்கும் முயற்சி அது. பலித்தது. சீனக் கோப்பையில் முதல் நாள் 81.10, பிரான்ஸ் போட்டியில் 81.40, நகோயாவில் நடந்த கிராண்ட் பிரீ இறுதியில் 82.07, ஐரோப்பியப் போட்டியில் 81.29. சீனாவில் மொத்தம் 200.43 எடுத்தபோது, ஐஸ் டான்ஸில் 200 புள்ளியைத் தாண்டிய முதல் ஜோடி ஆனார்கள். நகோயாவில் வர்ட்யூ–மொயரை இரண்டு நாளும் வென்றார்கள்.

இந்த நான்கு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டு பியோங்சாங்குக்கு வாருங்கள். 2018 பிப்ரவரி 19. பச்சை நிறத்தில் மினுக்கும் ஆடை. கழுத்தின் பின்புறம் ஒரு கொக்கிதான் மேல்பாகத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இசை தொடங்கிய சில நொடிகளில் அது கழன்றுவிடுகிறது. நம் ஊர்ப் பெண்கள் யாருக்கும் இந்தக் கலவரத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒதுங்கிச் சரிசெய்துகொள்ள மறைவிடம் கிடையாது, உலகம் முழுக்க நேரடி ஒளிபரப்பு, காலடியில் கத்திபோன்ற பிளேடு. ஆட்டத்தை நிறுத்தினால் புள்ளி கழியும். அவர் நிறுத்தவில்லை. மீதி நிமிடங்கள் முழுவதும் கை எங்கே போகிறது, துணி எங்கே போகிறது என்ற கணக்கையும் சேர்த்துப் போட்டுக்கொண்டே ஆடினார். ஒரு கணம் ஆடை விலகவும் செய்தது. வாழ்க்கையிலேயே மோசமான கெட்ட கனவு ஒலிம்பிக்கில் நடந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். சில புள்ளிகள் ஆடையால் போயின என்ற வருத்தத்தை சிசெரோனும் மறைக்கவில்லை.

அன்றைய புள்ளி 81.93.

மேலே சொன்ன எண்களோடு வைத்துப் பாருங்கள். அந்தப் பருவத்தின் பெரிய போட்டிகளில் அதுவரை அவர்கள் எடுத்தவற்றில் இரண்டாவது சிறந்த புள்ளி அது. கொக்கி கழன்ற நிலையில்! மறுநாள் பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவுக்கு ஆடி 123.35 என்ற உலக சாதனை. மொத்தம் 205.28. வர்ட்யூ–மொயரோ முதல் நாள் 83.67, மறுநாள் 122.40, மொத்தம் 206.07. அந்த 83.67 அதுவரை உலகில் யாருமே தொடாத உயரம்.

ஆக, தங்கம் வெல்ல பாபடாகிஸ் ஜோடிக்கு முதல் நாள் 82.72க்கு மேல் தேவைப்பட்டது. அதுவரை அவர்களின் உச்சம் நகோயாவின் 82.07. அதையே அப்படியே திருப்பிச் செய்திருந்தாலும் வெள்ளிதான். கொக்கி கெட்டியாக இருந்திருந்தால் தங்கம் நிச்சயம் என்று சொல்பவர்கள், அவர்கள் வாழ்நாளில் அதுவரை எடுக்காத ஒரு புள்ளியை அன்று எடுத்திருப்பார்கள் என்று அனுமானிக்கிறார்கள்.

எதிர்த் தரப்புக்கும் ஒரு வலுவான சான்று உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதம் கழித்து மிலானில் நடந்த உலகப் போட்டியில், அதே குறும் நடனத்தை ஆடி 83.73 எடுத்தார்கள். அது புது உலக சாதனை. மொத்தம் 207.20. பியோங்சாங்கில் இது வந்திருந்தால் தங்கம்தான். ஆனால் வர்ட்யூ–மொயர் மிலானுக்கு வரவில்லை; போட்டியில் எதிரி இல்லாதபோது நடுவர்களின் கையும் கொஞ்சம் தாராளமாகும் என்பது இந்த விளையாட்டைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். என் தீர்ப்பு: கொக்கி அவர்களைத் தொந்தரவு செய்தது, சில பத்தில் ஒரு பங்குகளைத் தின்றிருக்கவும் கூடும். தங்கத்தை எடுத்தது வர்ட்யூ–மொயர். வாழ்நாளின் சிறந்த குறும் நடனத்தைச் சரியான நாளில் ஆடினார்கள்.

அதற்குப் பிறகு 2019இல் சைதாமாவில் நான்காவது உலகப் பட்டம். (அந்தப் பருவம் முதல் மதிப்பெண் அளவுகோல் மாறிவிட்டது, அசைவுகளின் தரத்துக்கு முன்பு கூட்டல் கழித்தல் மூன்று வரை கொடுத்தார்கள், இப்போது ஐந்து வரை. அதனால் 2018இன் 205ஐயும் பின்னர் வந்த 220களையும் ஒப்பிடாதீர்கள்.) 2020 ஜனவரியில் கிராஸ் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ரஷ்யாவின் சினித்சினா–கட்சலாபோவிடம் 0.14 புள்ளியில் தோற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த முறை முதல் நாளில் இவர்கள்தான் நூலிழை முன்னிலை. தோற்றது இரண்டாம் நாள், சொந்த வீட்டில். அடுத்து மான்ட்ரியல் உலகப் போட்டி கொரோனாவால் ரத்தானது. அடுத்த பருவம் முழுவதும் அவர்கள் போட்டிக்கே வரவில்லை. ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டில் நடுவர்களின் கண்ணில் படாமல் இருப்பது பெரிய சூதாட்டம் என்று பலரும் எழுதினார்கள்.

அந்த இடைவெளியில் அவர்கள் கற்றுக்கொண்டதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வாழ்க்கையின் உச்சம். 2021–22 பருவத்துக்கு விதிக்கப்பட்டது தெரு நடனத் தாளம். பேட்டர்ன்? மறுபடியும் மிட்நைட் ப்ளூஸ். ஹெல்சிங்கியில் ஐந்தரைப் புள்ளியைப் பறிகொடுத்த அதே பேட்டர்ன். பெரும்பாலான ஜோடிகள் ஹிப்-ஹாப்பை எடுத்து, தொப்பியும் தொளதொள சட்டையுமாக வந்து நின்றன. அதில் பல பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தன. பாபடாகிஸும் சிசெரோனும் வேக்கிங் என்ற நடனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1970களில் லாஸ் ஏஞ்சலஸின் தன்பால் ஈர்ப்பினர் கூடும் டிஸ்கோ கிளப்புகளில், கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் உருவாக்கிய நடனம். தோளைச் சுற்றிக் கைகள் சவுக்குபோல் வீசி, சட்டென்று ஒரு நிலையில் நிற்கும். சிசெரோன் தன் பாலீர்ப்பை 2020 மே மாதம் வெளிப்படையாக அறிவித்திருந்தார் என்பதால் அந்தத் தேர்வுக்கு ஓர் அர்த்தமும் இருந்தது.

தொழில்நுட்பமாகவும் அது புத்திசாலித்தனமான தேர்வு. வேக்கிங் மேலுடலில் நடப்பது. கால்களுக்குக் கீழே அவர்களின் வழுக்கல் தடைபடாமல் ஓடிக்கொண்டே இருக்கலாம். கைகள் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் வெட்டும். பேட்டர்னின் விளிம்புகள் ஆழமாகச் சாய்ந்து கிடக்க, மேலே பாபடாகிஸின் கைகள் தாளத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். தங்களுக்கு வராதது என்று ஊர் சொன்ன ஒன்றை, தங்களுக்கு வந்ததை விட்டுக்கொடுக்காமலேயே சாதித்த முறை இது.

பெய்ஜிங், 2022 பிப்ரவரி. முதல் நாள் 90.83, உலக சாதனை. ஃபோரேயின் எலெஜிக்கு ஆடிய சுதந்திர நடனத்தில் 136.15. மொத்தம் 226.98, அதுவும் சாதனை. சினித்சினா–கட்சலாபோவ் 220.51. இரு நாளும் முதலிடம்; ஆறு புள்ளிக்கு மேல் வித்தியாசம். மார்ச்சில் சொந்த நாட்டில், மோன்பெலியேயில், 229.82 எடுத்து ஐந்தாவது உலகப் பட்டம். ரஷ்யர்கள் அப்போது தடை செய்யப்பட்டிருந்தார்கள் என்பதால் அந்தப் போட்டி கொஞ்சம் வெறிச்சோடித்தான் இருந்தது. இருந்தாலும் அந்தப் புள்ளிக்கு யார் வந்திருந்தாலும் எட்டியிருக்க முடியாது.

அதோடு போட்டியிலிருந்து விலகியிருந்து, 2024 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்கள். சிசெரோன் 2025இல் லாரன்ஸ் ஃபூர்னியே போட்ரி என்ற புதிய துணையுடன் போட்டிக்குத் திரும்பினார். அது தனிக் கதை. பாபடாகிஸ் திரும்பவில்லை. பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கிய அமெரிக்காவின் மேடிசன் ஹப்பெலுடன், இரண்டு பெண்கள் ஜோடியாக, காட்சி நிகழ்ச்சிகளில் ஆடத் தொடங்கினார். கனடா 2022 டிசம்பரிலேயே உள்நாட்டுப் போட்டிகளில் ஜோடி என்பதற்கு ஆண்–பெண் என்ற நிபந்தனையை நீக்கிவிட்டது. சர்வதேசப் போட்டிகளில் அந்த நிபந்தனை நீங்கவில்லை. அதனால் அவர்கள் இருவரும் ஆடுவதற்கு மதிப்பெண் போட யாரும் இல்லை. யார் யாரைத் தூக்குவது, யார் வழிநடத்துவது என்ற கேள்வியையே அவர்கள் கலைத்துப் போட்டு ஆடுவதைப் பார்க்கும்போது, நடுவர்கள் இல்லாமல் போனது ஒருவகையில் நல்லதுக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

நீங்கள் பார்க்கத் தொடங்குவதாக இருந்தால், பியோங்சாங்கின் முதல் நாளில் தொடங்காதீர்கள். முதலில் ஷாங்காய் 2015, மோசார்ட். அடுத்து ஹெல்சிங்கி 2017இன் முதல் நாளையும் பெய்ஜிங் 2022இன் முதல் நாளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் மிட்நைட் ப்ளூஸ் வரும் இடத்தில் சிசெரோனை விட்டுவிட்டு பாபடாகிஸின் தோள்களை மட்டும் கவனியுங்கள்.